சுவர் எழும்பும் முன் ஒரு வார்த்தை: முதியோர் இல்லம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பிளம்பரின் திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதியோர் இல்லம் கட்டுகிற, நடத்துகிற அறக்கட்டளைக்காரர்களுக்கும், பில்டர்களுக்கும், ஆர்க்கிடெக்ட்களுக்கும் வணக்கம்.

நான் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பக்கம் வேலை. கொஞ்ச வருஷமாக எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி முதியோர் இல்லங்களிலும், பெரியவர்களுக்கென்றே கட்டுகிற அடுக்ககங்களிலும்தான். அதிலும் புது வேலையைவிட இடித்துவிட்டுத் திரும்பச் செய்கிற வேலை அதிகம். அந்த இடிப்பைக் குறைக்கத்தான் இந்த மடல். பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வதாக வீட்டில் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

வழக்கமாக நடப்பது இதுதான். பூச்சு வேலை முடிந்து டைல்ஸ் ஒட்ட ஆள் வந்த பிறகு, சாமான் எடுக்க ஷோரூமுக்குப் போகிறீர்கள். கமோடு, குழாய், ஷவர் எல்லாம் பார்த்து, விலை பேசி, எல்லா அறைக்கும் ஒரே செட்டாக எடுக்கிறீர்கள். பில் போடும்போது யாரோ ஞாபகப்படுத்த, பிடிமானக் கம்பியும் சேர்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கையில் முடிவு செய்ய மிச்சம் இருப்பது நிறமும் விலையும்தான். கம்பி ஆளைத் தாங்குமா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, வாட்டம் சரியாக ஓடுமா, கமோடு எத்தனை உயரத்தில் உட்காரும் என்பதெல்லாம் தளம் போட்ட அன்றும் சுவர் எழும்பிய அன்றும் முடிந்துபோயிருக்கும். யாரும் உட்கார்ந்து யோசிக்காமலே முடிந்துபோயிருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். பாத்ரூம் சாமான் தேர்வைக் கட்டட வேலையின் கடைசியிலிருந்து தூக்கி முதலில் வையுங்கள். பிளான் கையெழுத்தாகும் முன்பே, எந்தக் கமோடு, எந்தக் கம்பி, எந்தக் குழாய் என்று மாடல் வரைக்கும் முடிவாகட்டும்.

பிடிமானக் கம்பியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இப்போது புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் உள்சுவர் ஏஏசி பிளாக்தான். எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், எல்லாம் சரி. ஆனால் அது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த கல். அதில் சாதாரண பிளாஸ்டிக் ராவல் பிளக் (துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்கிற குச்சி) அடித்துக் கம்பியை மாட்டினால், மாட்டிய அன்றைக்கு ஜம்மென்று நிற்கும். 70 கிலோ எடையுள்ள ஒரு பெரியவர் வழுக்கும்போது அதைப் பிடித்தால், கம்பியும் டைல்ஸும் அவரும் ஒன்றாக வருவார்கள். வழுக்கும் ஆள் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை, உடம்பு எடை முழுவதையும் ஒரே இழுப்பில் அதன்மேல் போடுகிறார். வெளிநாட்டுத் தரங்களில் ஒரு கம்பி சுமார் 113 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்று இருப்பது அதனால்தான்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. கமோடு பக்கமும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து இரண்டடி முதல் ஐந்தடி வரை உள்ள சுவரை மட்டும் சாலிட் கான்கிரீட் பிளாக்கில் கட்டச் சொல்லுங்கள், அல்லது கம்பி வரும் உயரங்களில் கான்கிரீட் பட்டி ஓடட்டும். மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. சுவர் ஏற்கெனவே எழும்பிவிட்டது என்றால், ஏஏசி கல்லுக்கென்றே வருகிற கெமிக்கல் ஆங்கர் (பசை வைத்துப் பிடிக்கிற போல்ட்) போட வேண்டும். அதற்குத் துளை போட்டு, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, பசை காயும்வரை காத்திருக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இன்னொன்று, டைல்ஸ் ஒட்டும் முன் எல்லாச் சுவரையும் டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் பிற்பாடு கம்பிக்குத் துளை போட்டு வெந்நீர் லைனை ஓட்டை போட்ட கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம்.

கம்பியின் பருமன் 32 முதல் 38 மில்லிமீட்டர் இருந்தால் கைக்குள் அடங்கும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38, 40 மில்லிமீட்டர் போதும். அதைவிட இடைவெளி விட்டால், தடுமாறும்போது முன்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கமோடு ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கத்துக்கு மடக்கிவிடும் கம்பி வாங்குங்கள். சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் மாறும்போது மேலே தூக்கிவிடலாம், மாறி உட்கார்ந்ததும் இறக்கிக்கொள்ளலாம்.

எவர்சில்வர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றில்லை. கடையில் 202 கிரேடும் கிடைக்கும், 304-ம் கிடைக்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, 'ஒட்டவில்லை பாருங்கள் சார், நல்ல ஸ்டீல்' என்பார். 202-லும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். ஈசிஆர் பக்கம் கடற்காற்று அடிக்கிற இடமென்றால் 316 வாங்குங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்காற்றை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். 304-கூட அங்கே டீக்கறை மாதிரி பழுப்பு பிடிக்கும்.

டவல் ராடை மறந்துவிடாதீர்கள். தடுமாறுகிறவர் எது கம்பி, எது டவல் ராடு என்று பார்த்துப் பிடிப்பதில்லை. கைக்கு எட்டுவதைப் பிடிப்பார். ஆகவே முதியோர் பாத்ரூமில் டவல் ராடு, சோப்புத் தட்டு, ஷவர் நிற்கிற கம்பி, வாஷ் பேசின் என எது கைக்கு எட்டினாலும் அது ஆளைத் தாங்க வேண்டும். தாங்காத எதையும் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். நூற்றைம்பது ரூபாய் டவல் ராடால் இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு.

அடுத்தது தரை. நம் ஊரில் பாத்ரூம் தரை அறையைவிட ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் கீழே இருக்கும், வாசலில் கடப்பா கல்லோ கிரானைட்டோ ஒரு படி இருக்கும். தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க. காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறவருக்கு அந்தப் படிதான் எமன், வாக்கர் வைத்திருப்பவருக்கும் அப்படியே. மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் அணுகல் வழிகாட்டுதல்களிலும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வாசலில் தடுப்பு கூடாது. படியே இல்லாமல் செய்ய முடியும். வாசலை ஒட்டி நீளவாக்கில் ஒரு ட்ரெயின் சேனல், குளிக்கிற இடத்தை நோக்கி 80-க்கு 1 வாட்டம். எட்டடி நீள பாத்ரூமில் அது முப்பது மில்லிமீட்டர் இறக்கம். அந்த முப்பதைத் தளத்திலேயே இறக்கி வாங்க வேண்டும். தளம் போட்டபின் என்னைக் கூப்பிட்டு 'படி வேண்டாம், தண்ணியும் வெளியே வரக்கூடாது' என்றால், நான் மந்திரவாதி இல்லை.

டைல்ஸ் வாங்கும்போது ஆர்-10, ஆர்-11 என்று ஒரு எண் சொல்வார்கள். அது எண்ணெய் தடவிய சரிவில் ஷூ போட்டு நடக்கவிட்டு எடுக்கிற அளவு. நம் பாட்டிகள் ஷூ போட்டுக்கொண்டு குளிப்பதில்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து எடுக்கிற ஏ, பி, சி என்ற வகை தனியாக உண்டு, சி-க்குத்தான் பிடிப்பு அதிகம். குளிக்கிற இடத்துக்கு பி-யாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால் கம்பெனியிடம் கேட்டுச் சொல்லட்டும். ரொம்பச் சொரசொரப்பாக எடுத்தாலும் தொல்லை, சோப்பு அழுக்கு உட்கார்ந்து அதுவே வழுக்கும். சின்னச் சைஸ் மேட் டைல்ஸ்தான் என் தேர்வு. இணைப்பு அதிகம், அதனால் காலுக்குப் பிடிப்பு அதிகம். இணைப்பில் எபாக்ஸி பசை போட்டுவிட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டிய அவசியமும் குறையும். அந்த ஆசிட்தான் குழாய்களின் முலாமைத் தின்கிறது.

கதவைப் பற்றி ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை அடிக் கதவில் சக்கர நாற்காலி போனாலும் தள்ளுகிறவரின் விரல் முட்டி பெயர்ந்துவிடும். சுத்தமாக 90 செ.மீ. வழி விடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே மயங்கி விழுகிறவர் பெரும்பாலும் கதவை அடைத்துக்கொண்டுதான் விழுவார். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு காசு வைத்துத் திருப்பித் திறக்க முடிய வேண்டும்.

இனி கமோடு. 'சீனியர் சிட்டிசன் மாடல்' என்று உயரமான ஒன்றைக் காட்டுவார்கள். சாதாரணக் கமோடு 15, 16 இஞ்ச் இருக்கும், இது 17-லிருந்து 19 வரை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உயரம் நல்லதுதான், எழுந்திருக்கச் சுலபம். ஆனால் அந்த அளவுகள் உயரமான மனிதர்களை மனதில் வைத்து வந்தவை. நம் இல்லங்களில் இருக்கிற அம்மாக்களில் பலர் ஐந்தடிக்கும் கீழே. 19 இஞ்ச் கமோடில் உட்கார வைத்தால் கால் தரையில் படாமல் தொங்கும். கால் ஊன்றாமல் முக்க முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போவார்கள், காரணம் பாத்ரூமில் இருக்கும்.

அதனால் ஒரே உயரத்தில் எல்லா அறைக்கும் எடுக்காதீர்கள். பாதி அறைகளில் 16, மீதியில் 18 என்று கலந்து வையுங்கள், ஆளைப் பார்த்து அறை கொடுங்கள். சுவரில் மாட்டுகிற கமோடு என்றால் விரும்பிய உயரத்தில் பொருத்தலாம், அடியில் மாப் போடுவதும் எளிது. சக்கரம் வைத்த கமோடு நாற்காலியை அப்படியே அதற்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தவும் வசதி. ஆனால் அந்த உயரமும், கமோடைத் தாங்குகிற ஃபிரேம் வைக்கும் நாளிலேயே முடிவாகிவிடும். ஏஏசி சுவர் என்றால் தரையில் கால் ஊன்றி நிற்கிற ஃபிரேம் வேண்டும். ஃப்ளஷ் டேங்க் சுவருக்குள் போகிறது என்றால், பட்டன் தகட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டு வால்வை மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு அந்த வால்வில் படிந்து ஒழுகத்தான் போகிறது.

ஆர்க்கிடெக்ட்கள் இந்தப் பத்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும். கழுவுவதற்கு ஹோஸில் தொங்குகிற ஸ்ப்ரேயை, அதாவது ஹெல்த் ஃபாசெட்டை, வழக்கமாக வலது பக்கம் வைக்கிறோம். வலது கையில் பிடித்து, இடது கையால் கழுவுவது நம் பழக்கம். வலது பக்கம் செயலிழந்தவருக்கு அந்த ஹோஸ் எட்டவே எட்டாது. எட்டினாலும் ஒரே கையால் பிடித்து அமுக்கவும் கழுவவும் எப்படி முடியும்? இடது பக்கம் போனவர் நிலைமை இன்னும் சங்கடம். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்ட கையால் கழுவ வேண்டும் என்பதை அவர்கள் வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆயாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, அறைகளில் பாதியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போடுங்கள். சில அறையில் சுவரும் கம்பியும் வலது பக்கம், சிலவற்றில் இடது பக்கம். வரைபடத்தில் இது காசில்லாத வேலை. இரண்டு, கமோடு சீட்டுக்கு அடியில் மாட்டுகிற ஜெட் போடுங்கள், பக்கத்தில் நீளமான லீவர் இருக்கிற மாடலாக. லீவரைத் திருப்பினால் தண்ணீர் தானே அடிக்கும், இருக்கிற ஒரு கை கழுவுவதற்கு மிச்சமாகும். கரண்டில் ஓடுகிற, தானே கழுவிவிடுகிற பிடே சீட் நல்ல சாமான்தான், ஆனால் நம் உப்புத் தண்ணீரில் அதைப் பராமரிக்க ஆள் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள். ஹெல்த் ஃபாசெட்டும் கூடவே இருக்கட்டும், சுத்தம் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். பித்தளை பாடி, ஸ்டீல் பின்னல் ஹோஸ் பார்த்து வாங்குங்கள். ஹோஸுக்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் காக்கை மூட யாரும் குனியப்போவதில்லை. எந்நேரமும் பிரஷரில் நிற்கிற மட்டமான ஹோஸ் ஒருநாள் ராத்திரி வெடிக்கும்.

குளிப்பதற்கு மழை போலக் கொட்டும் பெரிய ஷவரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் பெரியவர்கள் பக்கெட்டும் சொம்புமாகக் குளித்தவர்கள். தலையில் திடீரென்று தண்ணீர் கொட்டினால், மறதி நோய் இருப்பவர்கள் பயந்து கத்துவார்கள். வேண்டியது, மேலே கீழே நகர்த்தக்கூடிய ஹேண்ட் ஷவர் ஒன்று, ரப்பர் கால் வைத்த உறுதியான குளியல் நாற்காலி ஒன்று, அதன் பக்கத்தில் பக்கெட் வைக்க ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை. குனியாமல் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சேரைக் குளியலறைக்குள் விடவே விடாதீர்கள்.

வெந்நீருக்கு வருகிறேன். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலை வேக வைத்துவிடும். வயதானவர்களின் தோல் மெல்லிசு. சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் சூடே தெரியாது. குழாயில் வருகிற தண்ணீர் 43 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அதற்காக கீசரையே குறைத்து வைப்பதும் சரியில்லை, பெரிய டேங்க்கில் வெதுவெதுப்பாக நிற்கிற தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும். கீசர் சூடாக இருக்கட்டும், குழாய்க்கு முன்னால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஒரே சூட்டில் விடுகிற தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் வால்வு போடுங்கள்.

அந்த வால்வு வாங்கும்போது பிரஷரைக் கேளுங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (பிரஷரை அளக்கிற அலகு) என்பது கணக்கு. மொட்டை மாடி டேங்க்குக்கு நேர் கீழே இருக்கிற மாடியில் மூன்று மீட்டர்கூடத் தேறாது, அதாவது 0.3 பார்கூட வராது. ஷோரூமில் பம்ப் வைத்துக் காட்டுகிற ஷவரும் மிக்ஸரும் அங்கே மூச்சு விடாது. ஒன்று, குறைந்த பிரஷர் மாடல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பிரஷர் பம்ப்புக்கும் அதற்கான பேக்கப்புக்கும் இடம் விட வேண்டும். மே மாதம் மதியம் நம் ஊரில் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே சூடாகத்தான் வரும். எந்த மிக்ஸரும் டேங்க் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாகத் தர முடியாது. டேங்க்குக்கு மேலே ஒரு கூரை போடுங்கள்.

குழாய்க்கு நீளமான லீவர் போதும், சிவப்பும் நீலமும் பளிச்சென்று தெரிய வேண்டும். சென்சார் குழாய் வேண்டாம். திருகுவதற்கு ஒன்றும் இல்லாத குழாயின் முன் நின்று விழிக்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே வெள்ளையாக எடுப்பதும் அதே ரகம்தான். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்றால் பார்வை மங்கியவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது. சீட்டை மட்டும் அடர் நீலத்தில் போட்டால்கூடப் பெரிய வித்தியாசம்.

பிராண்டு எதுவாகவும் இருக்கட்டும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் குழாயின் கார்ட்ரிட்ஜும் (உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகம்) அந்த ஃப்ளஷ் வால்வும் உங்கள் இல்லத்துக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் இன்றைக்குக் கிடைக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் லைன் இன்னும் வராத இடங்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். மணலும் உப்பும் கார்ட்ரிட்ஜைத் தேய்க்கும். இத்தாலியிலிருந்து வர வேண்டிய உதிரிபாகத்துக்காக ஒரு பாத்ரூம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை நினைவில் வைத்து, தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம்முக்கும் இடம் விடுங்கள்.

முடிச்சூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை மாதிரி தாழ்வான இடங்களில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல வீடுகளில் தெருத் தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே கழிவுநீர் கமோடு வழியாக மேலே வந்தது. தரைத்தள லைனில், போன தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், திறந்து சுத்தம் செய்கிற சேம்பரோடு. நடக்க முடியாதவர்களைத் தரைத்தளத்தில்தானே வைக்கிறீர்கள்?

சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அணுகல் வழிகாட்டுதல்களைப் புதுப்பித்து 2021-ல் வெளியிட்டார்கள். இதைக் காட்டி, கீழே ஒரு பாத்ரூமில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் அதற்குள் துடைப்பமும் பினாயில் கேனும்தான் குடியிருக்கின்றன. முதியோர் இல்லத்தில் எல்லா அறையிலும் இருப்பவர்கள் முதியவர்கள். இன்று நடந்து வருகிறவர் இரண்டு வருஷத்தில் வாக்கருக்கு வருவார், அப்புறம் நாற்காலிக்கு. அறையை மாற்றிக்கொண்டே போவீர்களா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லா பாத்ரூமையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சைட்டில் ஒரு மூலையில் பிளைவுட் வைத்து, நிஜ அளவில் ஒரு மாதிரி பாத்ரூம் கட்டுங்கள். கமோடையும் கம்பிகளையும் தற்காலிகமாகப் பொருத்துங்கள். ஏற்கெனவே நடக்கிற ஏதாவது ஒரு இல்லத்திலிருந்து இரண்டு ஆயாக்களையும், வர விரும்புகிற பெரியவர்கள் இரண்டு மூன்று பேரையும் கூட்டி வாருங்கள். நாற்காலியிலிருந்து கமோடுக்கு மாற்றிப் பார்க்கட்டும், பக்கெட்டை எங்கே வைப்பது என்று அவர்களே காட்டட்டும். அவசர மணிக் கயிறு தரைவரை தொங்கினால்தான் விழுந்தவர் இழுக்க முடியும். ஆனால் துடைக்கும்போது இடைஞ்சல் என்று அதை மேலே முடிந்து வைத்துவிடுவார்கள். ஏன் முடிகிறார்கள், எந்த மூலையில் தொங்கினால் முடிய மாட்டார்கள் என்று அந்த ஆயாக்களிடமே கேளுங்கள். அவர்கள் சொன்னதை வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்து, அதன் பிறகு பிளானில் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு நாள் சம்பளமும் ஆட்டோ காசும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டர்